ஆர் கூட்டிக்கொண்டு போறது?

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களின் வரலாறு இருக்கும். கட்டடங்களின் வரலாறும் பரீட்சைப் பெறுபேறுகளும் விளையாட்டுக் கிண்ணங்களும் இருக்கும். இம்மலரிலும் அவை முறையாக இடம்பெற்றுள்ளன. நாம் எழுத எடுத்துக்கொண்டது வாசலுக்கு வெளியே நடந்த ஒரு வரலாறு. வீட்டுப் படலையிலிருந்து பாடசாலை வாசல் வரை ஒரு மைல், இரண்டு மைல், சிலருக்கு மூன்று மைல். அந்தத் தூரத்தை எமது மாணவியர் எப்படிக் கடந்தார்கள், அவர்களைக் கூட்டிவந்தவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் பொருள். சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகளில் இதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. மூத்த மாணவியர் பலரோடு கதைத்துக் கேட்டவற்றையும், யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றில் எல்லோரும் அறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறோம்.

யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியைப் பற்றி எழுதுபவர்கள் பாடசாலைகள் தொடங்கிய ஆண்டுகளை வரிசையாகச் சொல்வது வழக்கம். 1824இல் அமெரிக்க மிஷனார் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். 1834இல் வெஸ்லியன் மிஷனாரின் வேம்படியும், 1896இல் திருச்சபைத் தொண்டர் சங்கத்தின் சுண்டிக்குளியும் தோன்றின. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். இந்த வரிசை சரியானதுதான். ஆனால் பாடசாலை திறந்ததும் பிள்ளைகள் தாமாக வந்து சேர்ந்துவிட்டார்கள் என்ற எண்ணத்தை அது எமக்குள் உண்டாக்கிவிடுகிறது. எங்கள் பாட்டிமாரின் வீடுகளில் பெண்பிள்ளையைப் படிப்பிக்க வேண்டுமா என்ற விவாதம் நடந்திருக்கலாம். அது முடிந்து, படிப்பிக்கலாம் என்று தகப்பனார் சம்மதித்த பின்பு திண்ணையில் எழுந்த கேள்வி வேறு: "பிள்ளையை ஆர் கூட்டிக்கொண்டு போறது?" பல வீடுகளில் படிப்பு நின்றதும் அந்தக் கேள்வியில்தான், தொடர்ந்ததும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலால்தான்.

முதலில் கிடைத்த பதில் விடுதி. உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பிள்ளைகளை வைத்துப் படிப்பித்தபோது அதற்குச் சமய நோக்கம் இருந்தது என்பது தெரிந்ததே. படித்து முடித்த பெண்ணுக்கு மிஷன் சீதனம் கொடுத்த காலமும் ஒன்று இருந்தது. அதையும் விட்டுவிட்டு நடைமுறையை மட்டும் பார்த்தால், விடுதி என்பது பெண்பிள்ளை நாள்தோறும் தெருவில் நடக்காமலே படிப்பதற்கான ஏற்பாடு. ஒருமுறை வண்டிலில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் தவணை முடிய மறுபடி வண்டில் கட்டினால் போதும். விடுதிப் பிள்ளைகள் வெளியே போவதானாலும் இருவர் இருவராகக் கைகோத்து, முன்னால் ஓர் ஆசிரியை, பின்னால் ஓர் ஆசிரியை என்று வரிசையாகத்தான் போவார்கள். இந்த வரிசை நடையை எமது பாடசாலையும் பின்னாளில் எடுத்துக்கொண்டது.

ஆனால் விடுதிக்குப் பணம் வேண்டும். சைவக் குடும்பங்களுக்குச் சாப்பாட்டு ஆசாரம் ஒரு தடை. இரண்டாவது பதில், பாடசாலையைப் பிள்ளையின் ஒழுங்கைக்கே கொண்டுவருவது. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊருக்கு ஊர் பாடசாலை அமைத்ததை இந்தக் கண்ணோடும் பார்க்கலாம். கோயில் வீதிக்கு அருகே, நாலு வீடு தள்ளி ஒரு பாடசாலை என்றால் கூட்டிக்கொண்டு போக ஆள் தேடத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்பு வரை அது போதும். அதற்கு மேல் படிக்க விரும்பிய பெண்பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டியே ஆகவேண்டும். எமது பாடசாலை போன்ற இடங்களுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அப்படித் தாண்டி வந்தவர்களே.

அவர்களைத் தாண்டச் செய்தது மூன்றாவது பதில். அதை நாங்கள் "செற்" என்போம். ஒரு ஊரிலிருந்து, ஒரு பாதையால், ஒரே நேரத்தில் வரும் பிள்ளைகள் ஒரு செற். ஒவ்வொரு செற்றுக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு. அநேகமாக அவர் வயதான ஒரு பெண்மணி. கைம்பெண்ணாக இருப்பார், அல்லது பிள்ளைகள் வளர்ந்து வீட்டுப் பொறுப்புக் குறைந்தவராக இருப்பார். எல்லோரும் "ஆச்சி" என்றே கூப்பிட்டார்கள். ஒரே வாசலில் பல ஆச்சிமார் வந்து நின்றபோது அடையாளத்துக்காகச் சந்தி ஆச்சி, தோட்டத்து ஆச்சி என்று முன்னொட்டுச் சேர்ந்தது. சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் அவர்களோடு எட்டு வருடம் நடந்தவர்களுக்கே தெரியவில்லை.

செற் புறப்படும் முறை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதிக தூரத்து வீட்டுப் பிள்ளையோடு ஆச்சி முதலில் வெளிக்கிடுவார். ஒவ்வொரு படலையிலும் "வெளிக்கிட்டாச்சோ?" என்று ஒரு குரல். சத்தம் கேட்டதும் பிள்ளை தலைப்பின்னலைப் பாதியில் பிடித்துக்கொண்டே ஓடிவரும், தாய் பின்னால் றிபனோடு ஓடிவருவார். குச்சொழுங்கைகளிலிருந்து இப்படி ஒன்று இரண்டாகச் சேர்ந்து பெருந்தெருவுக்கு வரும்போது பத்துப் பன்னிரண்டு பேர் ஆகிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் முன்னுக்கு, பெரிய பிள்ளைகள் நடுவில், ஆச்சி கடைசியில். முன்னால் போனால் பின்னுக்கு நடப்பது தெரியாது என்பது ஆச்சிமாரின் கணக்கு. முன்னணியில் ஒரு பெரிய வகுப்பு அக்கா, பழைய திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை போல. தெருவைக் கடக்கும்போது கைகோக்க வேண்டும். ஆண்கள் பாடசாலை மதிலைத் தாண்டும்வரை வாய் திறக்கக் கூடாது. கடையில் எதுவும் வாங்கக் கூடாது. பலத்துச் சிரிப்பதற்கும் தடை இருந்தது. அதை மீறாத செற் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

காலை, பிற்பகல் என இருநேரப் பள்ளிக்கூடம் நடந்த காலத்தில் கிட்டிய ஊர்ப் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்த் திரும்பினார்கள். நாளொன்றுக்கு நான்கு நடை. பலருக்குக் காலில் செருப்பில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் மணல் ஒழுங்கையின் நடுவே நடக்க முடியாது, வேலி நிழலை ஒட்டி ஒற்றை வரிசையாகத்தான் போகலாம். மாரியில் அதே ஒழுங்கை வெள்ளவாய்க்கால். சிலேற்றையும் புத்தகத்தையும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பாவாடையை முழங்காலுக்கு உயர்த்தலாமா கூடாதா என்று ஆச்சியோடு வாதாடிக்கொண்டே தண்ணீரில் இறங்குவார்கள். ஒரு பிள்ளை பிந்தினால் முழுச் செற்றும் பிந்தும். ஆகையால் முதல் மணிக்குப் பின் வரும் தனிப் பிள்ளைக்குத் தண்டனையும், செற்றாகப் பிந்தி வந்தவர்களுக்கு மன்னிப்பும் என்று எழுதாத ஒரு விதி எமது பாடசாலையில் இருந்ததாக 1950களில் படித்தவர்கள் சொல்கிறார்கள். இந்த விதியைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த செற்றுகளும் இருந்தன.

இனி, இந்த ஏற்பாட்டின் உண்மையான எடை எங்கே இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் பாடசாலை மறிப்பது அக்காலத்து வழக்கம். சாமத்தியச் சடங்குக்காக நின்ற பிள்ளை பிறகு வருவதில்லை. வகுப்பில் ஓர் இடம் வெறுமையாகும், இரண்டு கிழமை பார்த்துவிட்டு இடாப்பில் பெயரை வெட்டுவார்கள். எமது பழைய அதிபர்கள் இப்படி மறிக்கப்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கு நேரில் போய்க் கதைத்தார்கள் என்பதை மூத்த மாணவியர் பலர் சொன்னார்கள். போய் என்ன சொன்னார்கள் என்று கேட்டோம். கல்வியின் அருமையைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். கிடைத்த பதில் அநேகமாக ஒன்றுதான்: ஆச்சி வாசலுக்கு வந்து கூட்டிப்போய் வாசலிலேயே கொண்டுவந்து விடுவா, பிள்ளை ஒரு நிமிடமும் தனியே நிற்க மாட்டாள் என்று உறுதி கொடுத்தார்களாம். ஆச்சியும் கூடப் போயிருந்த சந்தர்ப்பங்கள் உண்டு. அதிபரின் பேச்சுக்கு இளகாத தகப்பன்மார், ஊரில் எல்லோரும் அறிந்த அந்த முதியவளின் ஒரு சொல்லுக்கு இளகினார்கள். பிள்ளை பாவாடையை விட்டுத் தாவணி போட்டுக்கொண்டு மறுபடி வந்தாள். அப்படித் திரும்பி வந்தவர்களில் சிலர் பின்னாளில் ஆசிரியைகளானார்கள், சிலர் மருத்துவத் தாதிகளானார்கள். எமது சங்கத்தின் முதல் தலைமுறை அங்கத்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள்.

இந்த வேலைக்கு ஆச்சிமாருக்குக் கிடைத்தது என்ன? மாதம் வீட்டுக்கு வீடு சில சதம், அறுவடையில் நெல், தீபாவளிக்கு ஒரு சேலை என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். பாடசாலையின் சம்பளப் பட்டியலில் அவர்கள் இல்லை. பகல் முழுவதும் வாசலுக்கு அருகே மர நிழலில் இருந்து, பெட்டி இழைத்துக்கொண்டோ வெற்றிலை போட்டுக்கொண்டோ பள்ளி விடும்வரை காத்திருந்தவர்களும் உண்டு.

இதையெல்லாம் இனிப்பாக மட்டும் எழுதினால் அது உண்மைக்கு மாறாகும். ஆச்சி காவல் மட்டும் பார்க்கவில்லை, வேவும் பார்த்தார். யார் யாரைப் பார்த்துச் சிரித்தது என்ற செய்தி பிள்ளைக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்தது. எமது மூத்தவர்களுள் இரு கட்சிகள் உண்டு. வீட்டில் அடுப்படியும் பாடசாலையில் வகுப்பறையும் என்றிருந்த வாழ்வில் வெளிக்காற்றும் நாவற்பழமும் புளியங்காயும் கிடைத்த ஒரே இடம் அந்த நடைதான் என்பது ஒரு கட்சி. கூட்டத்துக்குள் வைத்துக் கட்டப்பட்ட வேலி என்பது மற்றக் கட்சி. இரண்டையும் ஒருவரே ஒரே மூச்சில் சொல்லவும் கேட்டிருக்கிறோம். கடிதங்கள் கைமாறவில்லையா என்று கேட்டபோது மட்டும் இரு கட்சியினரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

அதைவிடக் கனமான ஒன்றும் உண்டு. செற் என்பது அயலால் அமைந்தது, யாழ்ப்பாணத்தில் அயல் என்பது சாதியால் அமைந்தது. 1929, 1930ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டுமென்று வந்தபோது எழுந்த எதிர்ப்பும், பாடசாலைகளுக்குத் தீ வைக்கப்பட்டதும் வரலாற்றில் பதிவானவை. வாங்கில் சம இடம் கொடுக்கச் சட்டம் இருந்தது. தெருவில் யார் யாரோடு நடப்பது என்பதற்குச் சட்டம் இல்லை. ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து எம்மிடம் படிக்க வந்த பிள்ளைகளை ஆச்சிமாரின் செற்றுகள் நெடுங்காலம் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் தகப்பனோடோ தமையனோடோ வந்தார்கள், அல்லது செற்றுக்குப் பின்னால் இருபது யார் தள்ளித் தனியே நடந்தார்கள். "அவையின்ர செற் போய் முடிய விட்டுத்தான் அம்மா என்னை வெளியில விடுவா" என்று எம்மிடம் சொன்ன ஒருவர், அதனால் தாம் நாள்தோறும் பிந்தியதையும், செற்றுக்குக் கிடைத்த மன்னிப்புத் தமக்குக் கிடைக்காததையும் சொன்னார். இந்த மலரில் அது அச்சில் வரவேண்டும் என்பது எமது விருப்பம். அவருடைய விருப்பமும் அதுவே.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்ததும் பிள்ளைகள் தொகை பெருகியது, தூரமும் கூடியது. வடபாதைப் புகையிரதம் 1905 முதலே முழுமையாக ஓடிக்கொண்டிருந்தாலும் அது நிலையம் உள்ள ஊர்களுக்கே உதவியது. 1958இல் பேருந்துச் சேவை அரசின் கைக்கு வந்து இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பின்பு சீசன் ரிக்கற் எடுத்து வருவோர் கூடினார்கள். ஆச்சிமாரின் காலம் மெல்ல ஒடுங்கியது. செற் மாத்திரம் பஸ் தரிப்பிடத்துக்கு மாறி அங்கேயும் செற்றாகவே நின்றது. எழுபதுகளில் சைக்கிள் வந்தது. அக்காலத்தில் பெண்பிள்ளை சைக்கிள் ஓடுவதா என்று ஊர் பேசியது, பிறகு ஊரே வாங்கிக் கொடுத்தது.

பிறகு யுத்தம். 1990 யூனில் யுத்தம் மறுபடி மூண்டதும் புகையிரதம் நின்றது, எரிபொருள் தடைப்பட்டது. பாட்டிமார் நடந்த அதே ஒழுங்கைகளால் பேத்திமார் நடந்தும் சைக்கிளிலும் வந்தார்கள். செற்றும் திரும்பி வந்தது. ஆனால் அதன் விதி தலைகீழாகியது. ஒட்டி நட, கையை விடாதே என்பது பழைய விதி. கூட்டமாக நின்றால் மேலிருந்து தெரியும், இடைவெளி விட்டு வா, சத்தம் கேட்டால் வேலியோரம் குப்புறப் படு என்பது புதிய விதி. வெள்ளைச் சீருடை தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் என்று தாய்மார் பயந்தார்கள். 1995 செப்டெம்பர் 22ஆம் திகதி நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் குண்டு விழுந்து பிள்ளைகள் இறந்தபோது, அந்தப் பயம் வீண் பயம் அல்ல என்பது எல்லா வீட்டுக்கும் விளங்கியது. அடுத்த மாதம் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அந்த இரவு நாவற்குழிப் பக்கமாக நகர்ந்த சனத்துக்குள், பாடசாலைப் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த எமது பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை யாரும் எண்ணவில்லை. இரவல் கட்டடங்களிலும் மர நிழல்களிலும் படித்தார்கள்.

1996இல் ஊர் திரும்பியபோது தெருவெங்கும் காவலரண்கள். இடைவெளி விதி போய் ஒட்டி நடக்கும் விதி மீண்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய சுண்டிக்குளி மாணவி ஒருவர் கைதடிக் காவலரணில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. 1998இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அந்த வழக்கில் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தப் பெயரையும் செம்மணி என்ற சொல்லையும் எமது வாசகியருக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் தனியே படலை தாண்டவில்லை. ஆசிரியைகள் தத்தம் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார்கள். தாய்மார் ஒவ்வொரு காவலரணுக்கும் இப்பால் ஒருவராக நின்று, பிள்ளைகள் பை திறந்து காட்டி, அடையாள அட்டை காட்டி, மறுபக்கம் போய்ச் சேரும்வரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆச்சிமாரின் வேலை அது. ஐம்பது வருடங்களுக்குப் பின் தாய்மாரே சம்பளமின்றி அதை எடுத்துக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்ததும் அந்தக் கேள்வியும் முடிந்துவிடும் என்று நம்பியிருந்தோம். 2015 மே 13ஆம் திகதி புங்குடுதீவில் காலையில் பாடசாலைக்குத் தனியே புறப்பட்ட மாணவி போய்ச் சேரவில்லை. வடக்கெங்கும் மாணவிகள் தெருவுக்கு வந்தார்கள். 2017இல் யாழ்ப்பாணத்தில் நடந்த விசாரணையின் முடிவில் எழுவருக்கு மரண தண்டனை தீர்ப்பானது. தீவகத்தின் அந்த நீண்ட, ஆளரவமற்ற தெருக்களை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் அன்று கேட்டது பாட்டிமாரின் அதே கேள்வியைத்தான்.

இன்று எமது வாசலில் காலை ஏழு மணிக்கு வான்களும் ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருங்கி நிற்கின்றன. தூரத்துப் பிள்ளைகள் மாதக் கூலிக்கு வானில் வருகிறார்கள், அதுவும் ஒரு செற்தான். கூலி கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் இன்னும் நடந்து வருகிறார்கள். மூன்று நான்கு பேர், சில நாட்களில் இரண்டு பேர். கூட்டிவர இப்போது யாரும் இல்லை.

வெளிநாடுகளில் உள்ள எமது அங்கத்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் எங்விச்ற் 1990களில் முன்வைத்த நடைப் பேருந்து என்ற யோசனை இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. பெற்றோர் இருவர் ஒளிரும் மேலங்கி அணிந்து முன்னும் பின்னும் வர, பிள்ளைகள் குறித்த தரிப்பிடங்களில் வந்து சேர்ந்து நடப்பார்கள். யப்பானில் பெரிய பிள்ளையின் தலைமையில் அயல் பிள்ளைகள் குழுவாக நடந்து போவது பல ஊர்களில் நெடுநாள் வழக்கம். அங்கெல்லாம் பயம் பெரும்பாலும் மோட்டார் வாகனங்களைப் பற்றியது. பிள்ளைகளின் உடல்நலமும் ஒரு காரணம். எமது நடையின் காரணங்கள் வேறு. ஆனாலும் பேரப்பிள்ளையை மழையில் அந்த வரிசையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்த லண்டன் அங்கத்தவர் ஒருவர், தாமும் ஓர் ஆச்சியாகிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

எமது பிரதான மண்டபத்தில் அதிபர்களின் படங்கள் வரிசையாக உள்ளன. ஆச்சிமாரின் படம் ஒன்றும் இல்லை. பழைய குழுப்படங்கள் சிலவற்றின் ஓரத்தில், வாசல் தூணுக்கு அருகே, குடையும் கையுமாகப் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் வயதான பெண்கள் இருவர் தெரிகிறார்கள். யார் என்று கேட்டு அந்தப் படங்களை இம்மலருடன் வெளியிட்டிருக்கிறோம். உங்கள் செற்றைக் கூட்டிவந்தவரின் சொந்தப் பெயர், ஊர், நடந்த பாதை, ஏறத்தாழ எந்த ஆண்டுகள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பாடசாலை நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். செற்றில் சேர்க்கப்படாமல் நடந்தவர்களும் தமது பாதையை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நீங்கள் கூப்பிட்ட பெயரையே எழுதுங்கள். அதற்கென ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறோம். இதுவரை பதினொரு பெயர்கள் சேர்ந்துள்ளன.